‘நிறுத்து’ என்றது யாரை?

எங்கள் பக்கத்து வீட்டு லிப்ட் மெக்கானிக்கின் மனைவி, ஓடுகிற காரில் உட்கார்ந்துகொண்டு “நிறுத்து!” என்று கத்தினாள். கத்தியது நிஜம். யாரைப் பார்த்துக் கத்தினாள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவள் சொல்லப்போகிற பதிலில்தான் அவள் புருஷன் ஜெயிலுக்குப் போவதும் வீட்டில் இருப்பதும் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. தையல்காரர் ஒன்று, பேக்கரிக்காரி ஒன்று. நான் எதிலும் சேரவில்லை. சேராமல் இருந்தால்தான் இரண்டு கடையிலும் ஸ்டூல் போடுவார்கள்.

அவளுக்கு எங்கள் கட்டடத்தில் ‘ஏங்கக்கா’ என்று பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள், “சொல்லுங்க” என்பாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் போன் எடுக்கிற வேலை. “வெறும் வயித்துல வாங்க, ரிப்போர்ட் சாயங்காலம் வாங்கிக்கங்க, பயப்படாதீங்க” என்று நாள் பூராவும் ‘ங்க’ போட்டுப் போட்டு, அந்த ஒட்டு அவள் நாக்கிலேயே பசைபோலக் காய்ந்துவிட்டது. படிக்கட்டில் படுத்திருக்கும் பூனையைக்கூட “கொஞ்சம் நகருங்க” என்பாள். புருஷனுக்கோ கேட்கவே வேண்டாம். “ஏங்க, துண்டு இங்க இருக்குங்க” என்பது தினமும் காலையில் சுவரைத் தாண்டி எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். நான் ஒட்டுக்கேட்பதில்லை. சுவர் மெல்லியது.

அவர் லிப்ட் மெக்கானிக். பாதி ஊரை ஏற்றி இறக்கியவர், கட்டின பெண்டாட்டியை மட்டும் எங்கும் கூட்டிப்போனதில்லை. எங்காவது கிளம்பினால் போதும், எவனாவது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு போன் செய்வான். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிற்று. குழந்தையும் இல்லை. திடீரென்று ஒருநாள் அவருக்கு மின்சாரக் கார்மேல் பைத்தியம் பிடித்தது. வாங்க வசதி இல்லை; வாடகைக்கு எடுத்து மூன்று நாள் கிராமப்புறமாகச் சுற்றிவரலாம் என்று முடிவானது.

“உங்களுக்கு அந்தக் கார் ஓட்டத் தெரியுமா?” என்று தையல்காரர் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

“இதுல என்ன இருக்கு மாஸ்டர்? லிப்ட்டைப் படுக்கவச்சு ஓட்டினா அதான் இது” என்றார் அவர்.

“படுக்கவச்சிட்டா எழுப்புறதுதானே கஷ்டம்” என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தோம்.

கார் கிளம்பியது யாருக்கும் தெரியவில்லை. டாட்டா காட்டுவதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு, கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். பார்த்தால் அது தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. “பூனை மாதிரி போகுதே” என்றாள் பேக்கரிக்காரி. அப்போது அதை ஒரு புகழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

இனி நான் சொல்வது பாதி ஏங்கக்கா மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னது, மீதி சுவர் சொன்னது.

முதல் நாள் நன்றாகவே போயிருக்கிறது. சோளக்கொல்லை, சூரியகாந்தி வயல், ஆட்டு மந்தை, எல்லாவற்றையும் அவர் வேகத்தைக் குறைத்துக் காட்டினாராம். அவள் மனதில் ஒட்டாத ஒரே விஷயம் அந்தக் காரின் குரல். “முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்” என்று ஒரு பெண்குரல் சொல்லும். மனுஷன் உடனே திரும்பிவிடுவார்.

“ஏங்க, நான் போன வாரம் பூரா குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. இவ ஒரு தடவை சொன்னா மொத்த உடம்பையும் திருப்புறீங்களே.”

“அவ மேப் பாத்துச் சொல்றா.”

“நான் குழாயப் பாத்துத்தானே சொன்னேன்!”

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் குரலுக்கு ‘சக்களத்தி’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவரும் விடவில்லை. “உன் சக்களத்தி என்ன சொல்றா கேளு” என்பார். அவள் காரின் திரையைப் பார்த்து “போடி” என்பாள். உலகத்தில் அவள் ‘ங்க’ போடாமல் பேசிய ஒரே ஆள் அதுதான். ஆள்கூட இல்லை. “எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமாங்க? யாரையும் அப்படிப் பேசினதே இல்லையே நான்” என்று என்னிடம் சொன்னாள். அந்த ஒரு நாளில் இருவரும் சிரித்த அளவுக்கு எங்கள் சுவர் ஒரு வருஷத்தில் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் ஏரிக்கரையில் சார்ஜ் ஏற்றலாம் என்று நம்பிப் போனார்கள். அங்கே இயந்திரத்தின் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கயிறு கட்டியிருந்தது. கேட்டதற்கு, “போன மழைல செத்துப்போச்சு” என்று டீக்கடைக்காரர் சொன்னார். அடுத்த நிலையம் வாய்க்கால் ரோட்டில் ரொம்ப தூரம். போய்விடலாம், ஆனால் ஏசி போடக்கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வேர்த்து வடிய ஓட்டினார்.

அப்போதுதான் சக்களத்தி ஆரம்பித்தாள். “மின்னூட்டம் குறைவாக உள்ளது. மின்னேற்ற நிலையத்தைத் தேடவும்.” சொல்லி முடித்துக் கொஞ்சம் மூச்சுவிட்டு மறுபடி அதையே சொன்னாள். திரையின் மூலையில் ஒரு பொத்தான். தட்டினால் வாயடைப்பாள், சற்றுநேரத்தில் விட்ட இடத்தில் தொடங்குவாள்.

“நிறுத்துடி, தெரியுது” என்பாள் ஏங்கக்கா. அவர் தட்டுவார்.

“மின்னூட்டம் குறைவாக…”

“நிறுத்து!” அவர் தட்டுவார்.

“பாத்தியா, நீ சொன்ன உடனே செய்றேன்” என்றாராம்.

“குழாய்க்கும் இதே மாதிரி ஒரு பொத்தான் வைக்கணுங்க” என்றாளாம்.

அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் வாயும் அவர் விரலும் ஜோடி சேர்ந்துகொண்டன. எத்தனை முறை ஆடினார்கள் என்று அவளுக்கே நினைவில்லை.

வாய்க்கால் ரோடு குறுகலானது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரவரிசை. வெயில் சாய்ந்து மரங்களின் இடைவெளியில் வந்து வந்து கண்ணில் அடித்தது. முன்னால் ஓர் ஆள், பால் கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்தார். வெள்ளைச் சட்டை. அவர் முதுகுதான் தெரிந்தது. வேறு வண்டியாக இருந்தால் சத்தம் கேட்டு இன்னும் ஒதுங்கியிருப்பார், இல்லை திரும்பியாவது பார்த்திருப்பார். இது பூனை.

சக்களத்தி அப்போதுதான் மறுபடி “மின்னூட்டம்” என்றாள். அதே வினாடி ஏங்கக்கா கத்தினாள். “நிறுத்து!”

அவர் கண்ணைத் திரைக்குத் திருப்பி, பொத்தானைத் தட்டினார்.

அந்தப் பிரயாணத்தில் கார் போட்ட முதல் பெரிய சத்தம் அதுதான். கேன் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பால் வழிந்து, வெளியே என்ன நடந்தது என்று தெரியாமல் வெள்ளையாகிவிட்டது. வைப்பர் போட்டார். அது ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது. துடைத்ததும் ரோடு காலியாக இருந்தது. ஆள் பக்கத்துப் புல்லில் கிடந்தார்.

உயிர் இருந்தது. இருவருமாகத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். அவர் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி டவுனில். கார் திரையில் மிச்சமிருந்த தூரம் டவுன்வரைக்கும் வரவில்லை. இருந்தும் கிளப்பினார். வேறென்ன செய்வது? சக்களத்திக்கு என்ன தெரியும், அவள் தன் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. வழியில் கார் வேகம் குறைந்து, நடை வேகமாகி, ஒரு மதகின் பக்கத்தில் நின்றுவிட்டது. பிறகு காய்கறி வேன் ஒன்று வந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வேனுக்குள்ளேயே ஏறிப் பார்த்துவிட்டு, இறக்க வேண்டாம் என்றார்.

லிப்ட்டுக்காரர் கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார். சப்-இன்ஸ்பெக்டர் வந்து கேட்டதும், நடந்ததை அப்படியே கொட்டிவிட்டார். “அவ நிறுத்துன்னா சார். சத்தத்தைச் சொல்றான்னு நினைச்சு நான் சத்தத்தை நிறுத்தினேன்.” சப்-இன்ஸ்பெக்டர் வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தார்கள். காரில் பூனையாகப் போனவர்கள், ஆட்டோவில் படபடவென்று வந்து இறங்கினார்கள். யாரிடமும் பேசவில்லை. சுவரும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் திறந்தது.

“இத்தனை வருஷம் போட்டியே” என்றது அவர் குரல். “பூனைக்குப் போட்ட. காய்கறிக்காரனுக்குப் போட்ட. அன்னைக்கு எனக்கு மட்டும் எங்க போச்சு அந்த ‘ங்க’?”

“வாய்ல வரலீங்க.”

“இப்ப மட்டும் வருதா?”

அவர் விடவில்லை.

“நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தா என் கால் தானா பிரேக்குக்குப் போயிருக்கும். நீ அவளைச் சொல்ற மாதிரி சொன்ன. நான் அவளை நிறுத்தினேன். இப்ப சொல்லு, கொன்னது யாரு?”

நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். பாத்திரம் ஏதோ உருளும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் உருளவில்லை. குழாய் ஒழுகும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அவர் அதையே கேட்டார். சாப்பிடும்போது கேட்டார், சட்டை மாட்டும்போது கேட்டார். லிப்ட் கம்பெனி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்ததால், கேட்பதற்கு நிறைய நேரம் இருந்தது.

வக்கீல் வீட்டுக்கு வந்த அன்று, இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக்கொடுக்க நான் போயிருந்தேன். சல்லடை என்னுடையதுதான் என்பது வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு ஞாபகம் வந்தது. வக்கீல் இளைத்த மனிதர், பேச்சில் மட்டும் சதை.

“அம்மா, நல்லாக் கேளுங்க. நிறுத்துன்னு நீங்க சொன்னது எழுதியாச்சு. அதை அழிக்க முடியாது. யாரைச் சொன்னீங்கங்கறது எழுதல. அதுதான் நம்ம சொத்து. காரோட குரலைச் சொன்னேன்னு வச்சுக்கங்க: நீங்களும் அந்த ஆளைப் பாக்கல, இவரும் பாக்கல. அந்த ஆள் மரத்துக்குப் பின்னால இருந்து சைக்கிளோட திடீர்னு குறுக்க வந்துட்டான். குடிச்சிருந்தானோ என்னவோ. விபத்து. அபராதத்தோட போயிடும். இவரைச் சொன்னேன்னு வச்சுக்கங்க: அப்ப ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கான். கத்தற அளவுக்கு நேரமும் இருந்திருக்கு. இவர் ரோட்டைப் பாக்காம பொத்தானைப் பாத்திருக்காரு. அது ஜெயில்.”

“குறுக்க வரலீங்களே” என்றாள் ஏங்கக்கா.

“அதை நான் உங்ககிட்ட கேக்கவே இல்லையேம்மா. யாரைச் சொன்னீங்க, அவ்வளவுதான். நாள் பூரா காரைத்தானே திட்டிட்டு வந்தீங்க? அந்தக் கணக்குல இதையும் சேத்துடுங்க. பெரிய பொய்கூட இல்ல.”

“சொல்லிடுவா” என்றார் புருஷன், அவளைப் பார்க்காமலே.

அவள் என் கையிலிருந்த சல்லடையை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

செய்தி தெருவுக்கு எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் தையல்காரர் கத்தரிக்கோலை நீட்டி நீட்டிப் பேசினார். “கட்டினவனைக் காப்பாத்தாத நாக்கு எதுக்குங்கறேன்? ஒரு சொல்லு. காரைச் சொன்னேன். தீந்துது.”

பேக்கரிக்காரி விடவில்லை. “செத்தவனும் ஒருத்தியைக் கட்டினவன்தானே மாஸ்டர்? குடிகாரன், குறுக்க வந்தான்னு சொல்லிப் புதைச்சதையே மறுபடி தோண்டிப் புதைக்கணுமா?”

“உம் புருஷனா இருந்தா இப்படிப் பேசுவியா?”

“எம் புருஷனா இருந்தா கார் எதுக்கு? ஜெயிலுக்கு நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

விசாரணைக்கு நான் துணைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று ஒரு எண்ணம். கோர்ட்டு வராந்தாவில் நீள பெஞ்சு. புருஷன் வக்கீலோடு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும். கொஞ்சநேரத்தில் ஒரு பெண் வந்து ஏங்கக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் நகமெல்லாம் தேய்ந்திருந்தது. மாட்டுக்கொட்டகை வாசனை, கழுவியும் போகாத வாசனை. பால்காரரின் மனைவி என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“நீங்கதானே முன்சீட்டுல இருந்தது?” என்று கேட்டாள்.

ஏங்கக்கா தலையை ஆட்டினாள்.

“குறுக்க வந்தாருன்னு உங்க வக்கீல் சொல்றாரு. குடிச்சிருந்தாருங்கறாரு. அவரு டீயே அரை கிளாஸ்தான் குடிப்பாருங்க. ரொம்பப் பயந்தவரு. வண்டி ரோட்டுக்குப் போனா ஓரத்துல புல்லு மேலதான் நடப்பாரு. செருப்புல எப்பவும் முள்ளு. நான்தான் பிடுங்குவேன்.” அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “உங்களை ஒண்ணும் சொல்ல வரல. நீங்க பாத்தீங்களா அவரை? யாராச்சும் பாத்தாங்களா? இல்ல, யார் கண்ணுக்கும் படாமலே போயிட்டாரா?”

ஏங்கக்கா வாயைத் திறந்தாள். “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக் குடித்துவிட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட அம்மாள், ஜலதோஷத்தில் இருந்தார். வக்கீல் தேனாக ஆரம்பித்தார். அந்தப் பிரயாணம் முழுக்கக் காரின் குரலை நீங்கள் ஒருமையில் அதட்டிக்கொண்டு வந்தது உண்டா? உண்டு. ‘நிறுத்து’ என்று பலமுறை சொன்னது உண்டா? உண்டு. கணவரை வாழ்நாளில் ஒருமுறையாவது ‘ங்க’ போடாமல் விளித்தது உண்டா?

“இல்லீங்க.”

வக்கீல் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து லேசாகத் தலை சாய்த்தார், சாட்சி முடிந்தது என்பதுபோல. “அப்படியானால் அன்று ‘நிறுத்து’ என்றது யாரை?”

ஏங்கக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரருக்குச் சொல்வதற்காக ஒவ்வொரு சொல்லையும் மனதில் முடிந்துகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

“அவரைத்தாங்க” என்றாள்.

வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். “யோசித்துச் சொல்லுங்கள். கணவரை அப்படிப் பேசும் வழக்கமே இல்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள்?”

“வழக்கம் இல்லீங்க. அன்னைக்கு மரியாதைக்கு நேரம் இல்லீங்க.” அவள் குரல் போனில் ரிப்போர்ட் படிப்பதுபோல ஒரே சீராக இருந்தது. “ஆள் தெரிஞ்சாரு. வெள்ளைச் சட்டை. ஓரமா, புல்லு மேலதான் நடந்தாரு. குறுக்க வரலீங்க. நான் பாத்தேன்.”

“பொய்!” என்று கத்தியது லிப்ட்டுக்காரர். எழுந்தே நின்றுவிட்டார். “என்னை அவ அப்படிப் பேசவே மாட்டா! இருபது வருஷத்துல ஒருநாள் பேசினது இல்ல! கேட்டுப் பாருங்க, யாரை வேணா கேட்டுப் பாருங்க!” என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “இவங்களைக் கேளுங்க, சுவத்துக்குப் பக்கத்துலயே இருக்காங்க!”

உட்காரச் சொன்னார்கள். ஜெயிலுக்குப் பயந்து கத்தினார் என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் அதை உண்மையாகவே நம்பினார். ஜெயிலைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பின்வரிசையில் பால்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷம் தீர்ப்பாயிற்று. வேனில் ஏறும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

தெரு தன் தீர்ப்பைத் தனியாக எழுதியது. தையல்காரர் அவள் ஜாக்கெட் துணியை வாங்கி ஒரு மாதம் வைத்திருந்து, நேரமில்லை என்று வெட்டாமலே திருப்பினார். கட்சியில் ஜெயித்த பேக்கரிக்காரிகூட அவளுக்குப் பாக்கிச் சில்லறையை மேஜைமேல் வைக்கிறாளே தவிர கையில் கொடுப்பதில்லை. உண்மை பேசியவளைப் பாராட்டலாம். பக்கத்தில் உட்காரவைப்பது யாருக்கும் சௌகரியமில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கைதிகளைப் பார்க்க விடும் நாளெல்லாம் அவள் இரண்டு பஸ் மாறி ஜெயிலுக்குப் போகிறாள். அவர் வந்து பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்புகிறார். அவள் நேரம் முடியும்வரை உட்கார்ந்துவிட்டு வருகிறாள். துவைத்த துணிப்பை கொண்டுபோவாள். அதையும் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

“வர மாட்டேங்கறவரை எதுக்குப் போய்ப் பாக்கணும்?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“வராம இருக்கறது அவரு இஷ்டங்க. நான் போறது என் இஷ்டங்க” என்றாள்.

போன வாரம் அவள் திரும்பி வந்தபோது பைக்குள் இருந்தது வேறாக இருந்தது. கொண்டுபோன துணியை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு அழுக்குத் துணி வந்திருந்தது. இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு ஜோடிக் காலுறை. சீட்டு ஏதும் இல்லை. பையை நான் உதறிப் பார்த்துவிட்டேன்.

மனசு இளகிவிட்டது என்கிறாள் பேக்கரிக்காரி. இளகவும் இல்லை, ஒன்றும் இல்லை, அங்கே சோப்பு சரியில்லை, அவ்வளவுதான் என்கிறார் தையல்காரர். ஏங்கக்கா ஒரு சட்டையை எடுத்தாள். சட்டைக் காலரை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து, ஊறப்போட்டாள்.